ஏப்ரல் பட்டியல்

புவேர்ட்டோ ஐசெனில் ஏப்ரல் என்றால்
விறகு ஈரம்.
மேலே போக மனமில்லாத புகை
தகரக் கூரைகள் மீதே படுத்துக்கொள்கிறது.

சுகாதார நிலையத்தின் பின்னறையில்
இரண்டுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட குளிரில்
ஃப்ளூ தடுப்பூசிகள் காத்திருக்கின்றன.
என்னிடம் ஒரு தாள்.
நாட்பட்ட நோயோடு வாழும் பிள்ளைகள்
முப்பத்தொரு பேர்.
பதினோரு பேருக்கு டிக் போட்டாயிற்று.
மீதி இருபதுக்கும் ஒரு தொலைபேசி,
ஒரு நான்.

முதல் எண், பாரியா வீடு.
பையனுக்கு ஆஸ்துமா.
அம்மா துறைமுகத் தொழிற்சாலையில் சால்மன் வெட்டுகிறாள்.
கையுறையோடு போன் எடுக்க விடமாட்டார்கள்.
நாங்கள் திறப்பது எட்டரைக்கு, மூடுவது நாலரைக்கு.
அவளும் அப்படித்தான், வேறு வாசலில்.
'பெற்றோருக்கு விருப்பமில்லை' என்று குறிக்க
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
'கதவு பூட்டியிருந்தது' என்று குறிக்க
இல்லை.

அடுத்தது லெவிக்கான். சிறுநீரகம்.
அப்பா எடுத்தார்.
"இந்த வருஷம் என் மகள் உடம்பில்
குத்தாத இடம் உள்ளங்கால் மட்டும்தான்.
இன்னொன்றா?"
அச்சடித்துக் கொடுத்த பதில் மேசைமேல் இருந்தது.
வாய்க்கு வரவில்லை.
அடுத்த வாரம் கூப்பிடட்டுமா என்றேன்.
"கூப்பிடுங்க."
அந்த ஒரு சொல்லைத் தாளின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

இதய அறுவை செய்த குழந்தையின் தாய்
நிதானமாகத்தான் கேட்டாள்:
"அவ்வளவு முக்கியமென்றால்
புவேர்ட்டோ மான்ட் டாக்டர் சொல்லியிருக்க மாட்டாரா?"
டாக்டரின் அலுவலகத்தைப் பிடித்தேன்.
"அதை நீங்கள்தானே சொல்வீர்கள்?" என்றார்கள்.
எங்கள் இருவருக்கும் நடுவே
அத்தனை தீவுகள், அத்தனை கடல்.
எங்கேயோ அதற்குள்
ஒரு வாக்கியம் மூழ்கிக் கிடந்தது,
மூன்று குளிர்காலமாக.

போட்ட பிறகும் காய்ச்சல் வந்ததே என்றார் ஒருவர்.
வரலாம் என்றேன்.
வந்தாலும் ஆஸ்பத்திரிப் படுக்கை வரை
போகாமலிருக்க வாய்ப்பு அதிகம் என்றேன்.
'வாய்ப்பு'.
போனில் அந்தச் சொல்
எவ்வளவு இளைத்துப் போய்விடுகிறது.

நயாரெட், வயது பன்னிரண்டு,
அம்மா இழுத்துவந்து உட்கார வைத்தாள்.
தினம் நான்கு முறை
தன் வயிற்றில் தானே இன்சுலின் ஏற்றுகிறவள்
என்னைக் கண்டதும் சட்டைக் கையை
இறக்கிவிட்டுக்கொண்டாள்.
"பயமா?"
"இல்லை. அதை நான் போடுகிறேன்.
இதை நீங்கள் போடுகிறீர்கள்."

நான் பஞ்சை அவளிடம் கொடுத்தேன்.
இடது கையைத் தேர்ந்தாள். தானே துடைத்தாள்.
ஏழிலிருந்து கீழே எண்ணுவேன், ஒன்றில் குத்துங்கள் என்றாள்.
இரண்டில் நின்றுவிட்டாள்.
அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்,
நான் தலையசைத்துத் தடுத்தேன்.
குளிர்பெட்டியின் மோட்டார் ஓடி, நின்று,
மறுபடி ஓடத் தொடங்கியது.

"ஒன்று."

போகும்போது கேட்டாள்:
"எங்க வகுப்பு எலீசியோவுக்கும் நெஞ்சில் இரைச்சல்.
மாடி ஏற உட்கார்ந்து உட்கார்ந்து வருவான்.
அவன் உங்க தாளில் இருக்கானா?"

மேலிருந்து கீழ் பார்த்தேன்.
கீழிருந்து மேல்.
இல்லை.

பேனாவால் எழுதினேன்.
முப்பத்தொன்றில் பன்னிரண்டு
முப்பத்திரண்டில் பன்னிரண்டாக இறங்கியது.
தோன்யா இஸ்மேனியா கண்ணாடியை உயர்த்தி
சதவீதம் ஏன் குறைந்தது என்றார்.
பிள்ளை கூடினான் என்றேன்.
அப்படியே, வியாழக்கிழமை மட்டும்
ஏழு மணி வரை திறந்து வைக்கலாமா என்றும் கேட்டேன்.
"அடுப்புக்கு விறகு யார் தருவது?"

வியாழன் காலை
வீட்டுக் கொட்டகையில் காய்ந்ததாகப் பொறுக்கி
ஏழு கட்டை எடுத்துப் போனேன்.
நாலரை. ஐந்தரை. யாருமில்லை.
மழை சாய்ந்து பெய்தது.
ஒரு கட்டைதான் மிச்சம்.

ஆறு நாற்பதுக்கு
பூட்ஸில் மீன்செதில் ஒட்டியிருந்த ஒருத்தி
கதவைப் பாதி திறந்து நின்றாள்.
அவள் பின்னால், கம்பளித் தொப்பியை
புருவம் வரை இழுத்துவிட்ட பையன்.

"மூடியாச்சா?" என்றாள்.